ண-வில் தொடங்கும் பெயர்

"அத்த நட்சத்திரம், மூன்றாம் பாதம். எழுத்து ண" என்றார் ஐயர்.

மாமனார் தலையை முன்னுக்கு நீட்டினார். "நல்லதம்பிக்கு வாற ந-வா ஐயா?"

"இல்ல. மூன்று சுழி ண."

மாமனார் துண்டுக் கடதாசியில் அந்த ஒற்றை எழுத்தை எழுதினார். எழுதிய பிறகும் பேனையைக் கடதாசியை விட்டு எடுக்கவில்லை. அடுத்த எழுத்து தானாக வந்துவிடும் என்று பார்த்துக்கொண்டிருந்தார். வரவில்லை. எப்படி வரும்? தமிழில் ண-வில் தொடங்கும் சொல்லே கிடையாது. அரிச்சுவடிப் புத்தகத்தில்கூட அந்தக் கட்டத்துக்கு வந்தவுடன் கிண்ணத்தையோ வீணையையோ வரைந்து, எழுத்தைச் சொல்லுக்கு நடுவில் செருகிவிட்டு நைசாகக் கடந்துபோவார்கள்.

மகன் பிறந்து அன்றைக்குப் பதினாறு நாள். துடக்கு வீடு என்பதால் நாங்கள் ஐயர் வீட்டு விறாந்தைக்கு ஏறாமல் முற்றத்து வாங்கில்தான் இருந்தோம். அவர் எங்கள் முகத்தைப் பார்த்து இரங்கி, இன்னொரு பஞ்சாங்கத்தையும் எடுத்துக்கொண்டு வந்தார். "நான் சொன்னது வாக்கியப்படி. திருக்கணிதத்தில நேரம் ஒள்ளுப்பம் வித்தியாசப்படும். அதில நாலாம் பாதம் வருது. அப்ப எழுத்து ட."

மாமனார் மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தார். ட-வில் தொடங்கும் ஒருவன் வீட்டுக்கு மருமகனாக ஏற்கனவே வந்துவிட்டான், இன்னொருவன் தேவையில்லை என்பது அந்தப் பார்வையின் பொருள்.

இந்த எழுத்துக் கணக்கு எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் ஐயரில் கோபம் வராது. நட்சத்திரம் 27. ஒவ்வொன்றுக்கும் நான்கு பாதம். ஆக 108 பாதம், பாதத்துக்கு ஓர் எழுத்து. ஒரு பாதம் ஏறக்குறைய ஆறு மணித்தியாலம் நிற்கும். அடுக்கியவர்கள் வடமொழி நெடுங்கணக்கை வைத்து அடுக்கினார்கள். அதனால்தான் திருவாதிரை மூன்றாம் பாதத்துக்கு ங விழுந்தது, அத்தம் மூன்றாம் பாதத்துக்கு ண விழுந்தது. தொல்காப்பியரோ ண-வைச் சொல்லின் கடப்படிக்கே, அதாவது வாசலுக்கே, விடவில்லை. ட, ர, ல எல்லாவற்றுக்கும் அவர் சட்டம் அதுதான். எங்கள் பழைய ஆட்கள் இராசதுரை, இரத்தினம், இலட்சுமி என்று முன்னால் ஓர் இகரத்தைக் காவலுக்கு நிறுத்தியது அந்தச் சட்டத்துக்குப் பயந்துதான். திரும்பி வரும்போது குருமண்வெளித் துறையில் பாதைக்குக் காத்திருந்த நேரம் ண-வுக்கும் அப்படி ஒரு காவல் போட்டுப் பார்த்தோம். இணன், உணன், அணன். மாமனாரே சிரித்துவிட்டார். (பாதை என்றால் இங்கே தெருவல்ல. ஆளையும் மோட்டார் சைக்கிளையும் ஏற்றி மண்டூர்க் கரைக்குக் கொண்டுபோய்விடும் மிதவை. வெளியூர்க்காரர் குழம்பக்கூடாது.)

என் பெயரைச் சொல்லாமல் மேலே போக ஏலாது. டிலுக்சன்.

பொருள் கேட்காதீர்கள். கட்டாரில் வேலை செய்த காலத்தில் திருநெல்வேலிக்காரர் ஒருவர் கேட்டார். "இது தமிழ்ப் பேரா?" ஓம் என்றேன். "அப்படின்னா என்ன அர்த்தம்?" நான்தான் அர்த்தம் என்றேன். அவர் விளையாட்டாக எடுத்துக்கொண்டார். நான் உண்மையைத்தான் சொன்னேன். 1991இல் பிறந்த என்னைப்போல ஒரு கூட்டம் இலங்கையின் கிழக்கு மாகாணம் முழுக்க இருக்கிறது. எங்கள் வகுப்பு இடாப்பில் டிலக்சன், டிலுக்சன், நிலக்சன், விதுர்சன், யதுசன் என்று ஒரே வாய்பாடாக வரும். சேர் இடாப்பு கூப்பிடும்போது முதல் இரண்டு பேரும் சேர்ந்தே "பிரசன்ட் சேர்" சொல்லுவோம். யாருக்கும் இல்லாத பெயர் வேண்டும் என்று தேடித் தேடிப் பெற்றோர் எல்லோரும் ஒரே கிணற்றில்தான் வாளியைப் போட்டிருக்கிறார்கள்.

சும்மா சிரித்துவிட்டுப் போகிற விசயமாக இது இருந்திருந்தால் நான் எழுதவே மாட்டேன். பிறப்பத்தாட்சிப் பத்திரத்தில் நான் டிலுக்சன். பள்ளிக்கூடத்தில் யாரோ ஓர் எழுத்தழகர் டிலுக்ஷன் ஆக்கினார். சாதாரணதரப் பரீட்சைக்கு அடையாள அட்டை எடுத்தபோது டிலக்சன் என்று வந்தது. ஆங்கிலத்தில் அதைவிட மோசம். அப்பா எக்ஸ் போட்டு எழுதினார், பள்ளிக்கூடம் கே எஸ் எச் போட்டது, கடவுச்சீட்டுக்காரர் இரண்டையும் கலந்து ஒன்று செய்தார். இந்த ஆட்கள் எல்லாரும் ஒரே ஆள்தான் என்று சமாதான நீதவான் முன்னிலையில் சத்தியக் கடதாசி முடிக்க நான் எத்தனை தரம் அலைந்தேன் என்று எண்ணி வைக்கவில்லை. கடைசித் தரம் அவர் முத்திரையைக் குத்திக்கொண்டே கேட்டார்: "தம்பி, ஒரு கந்தசாமி, ஒரு கணேசன் என்று வைச்சிருந்தா உங்கட அப்பாவுக்கு என்ன குறைஞ்சிருக்கும்?"

அந்தக் கேள்விக்கு விடை இந்தக் கட்டுரையின் பிற்பாதியில் இருக்கிறது. அன்றைக்கு எனக்குத் தெரியாது. நானும் அவரோடு சேர்ந்து சிரித்தேன்.

பிள்ளை பிறந்த அன்றே நான் மனதுக்குள் முடிவெடுத்துவிட்டேன். கடையில், கச்சேரி அலுவலகத்தில், வங்கியில், எங்கே போய்ச் சொன்னாலும் எதிரில் இருப்பவர் "என்ன, என்ன?" என்று இரண்டாம் தரம் கேட்காத பெயராக இருக்க வேண்டும். பழைய பெயராக, ஆயிரம் பேருக்கு இருக்கிற பெயராக இருக்க வேண்டும்.

ஆஸ்பத்திரியில் பிள்ளையின் கையில் கட்டியிருந்த பட்டியில் மனைவியின் பெயர்தான் இருந்தது. இன்னாருடைய ஆண் குழந்தை, திகதி, நேரம், நிறை. என் பெயர் எங்கும் இல்லை. பெத்தா, அதாவது மனைவியின் அம்மம்மா, பட்டியைத் தூக்கிப் பார்த்து வாசித்துச் சொல்லச் சொன்னார். சொன்னேன். "அதுதானே சரி" என்றார். எங்கள் பக்கத்தில் குடி, அதாவது வம்சம், தாய்வழி. பிள்ளை எந்தக் குடி என்று கேட்டால் தாயின் குடியைத்தான் சொல்லுவார்கள். கோயில் திருவிழாக் கூடக் குடிகுடியாகத்தான் பிரித்திருக்கும். தகப்பன் கொடுப்பது பெயருக்கு முன்னால் நிற்கும் ஒரேயோர் எழுத்து. அந்த வார்டில் கிடந்த பிள்ளைகள் எல்லாம் பெயர் இல்லாமல் தாயின் பெயரிலும் இலக்கத்திலும் கிடந்ததைப் பார்த்தபோது கல்முனைப் பிள்ளை நினைவுக்கு வந்தான். 2004 டிசம்பர் 26 அன்று சுனாமியில் தப்பிக் கல்முனை வைத்தியசாலைக்குக் கொண்டுவரப்பட்டவன். அன்று 81ஆவதாகப் பதிந்ததால் உலகப் பத்திரிகைகள் எல்லாவற்றிலும் அவன் 81ஆம் குழந்தை. 2005 பெப்ரவரியில் மரபணுச் சோதனை முடிந்து பெற்றோர் கையில் கொடுக்கும்வரைக்கும் அவனுக்கு இலக்கம்தான் பெயர். நான் பட்டியைச் சரிபார்த்துக்கொண்டேன். நிறை 2 கிலோ 900. எல்லாம் சரியாக இருந்தது.

மனைவியின் போனில் 64 பெயர் இருந்தது. ஏழாம் மாதத்திலிருந்து சேர்த்தது. ஆரவ், கிருத்திக், யுவின், தஷ்விக், அத்விக். இந்தப் பக்கத்துப் பாலர் பாடசாலை விளையாட்டுப் போட்டிக்குப் போய் ஒருதரம் ஒலிபெருக்கியைக் கேளுங்கள். எல்லாப் பிள்ளைகளும் ஒரே அச்சில் வார்த்த மாதிரி வந்து நிற்பார்கள். எங்கள் காலத்தில் க்சன், இந்தக் காலத்தில் விக்.

இதை நான் சொன்னால் சண்டை. அதனால் சொல்லவில்லை. பெத்தா சொன்னார், வேறு விதமாக.

பெத்தாவுக்கு எண்பத்து நான்கு வயது. படுவான்கரையில் பிறந்து வளர்ந்தவர். மாலை ஆறு மணிக்குக் கடப்படியில் நின்று கூப்பிட்டால் வயல் வரம்பில் நிற்கிற ஆள் திரும்புவார். அந்தக் குரலை வைத்துத்தான் அவர் பெயர்களைச் சோதித்தார். மனைவி ஒவ்வொன்றாக வாசிக்க, இருந்த இடத்திலிருந்தே வேலிக்கு அப்பால் பார்த்து ஒவ்வொன்றாகக் கூப்பிட்டார்.

"ஆரவ்வூ... என்ன புள்ள இது, மாட்ட மறிக்கிற மாதிரி இரிக்கி. மற்றதச் சொல்லு."

"கிருத்திக்."

"கிருத்திக்க்... விக்கல் எடுக்குது. மற்றது?"

"யுவின், பெத்தா."

"ஊவின்... ஊவின்..." அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். "வேணாம் புள்ள. ஊளையிடுறன் என்று அயல்காரர் நினைப்பாங்க."

மனைவி போனைக் கவிழ்த்து வைத்துவிட்டாள். நான் வாய் திறக்கவில்லை. ஆனால் பெத்தா பிடித்த இடம் எனக்கு விளங்கிவிட்டது. உயர்தரத்தில் தமிழ் படித்தவன் நான். தமிழில் கூப்பிடுவதற்கென்றே எட்டாம் வேற்றுமை இருக்கிறது, விளி. தொல்காப்பியத்தில் அதற்கென்று விளிமரபு என்று ஓர் இயலே ஒதுக்கியிருக்கிறார்கள். அன் என்று முடிகிற பெயர் கூப்பிடும்போது ஆ ஆகும். முருகன் முருகா, வேலன் வேலா, குமரன் குமரா. வாய் தானாகத் திறந்து, குரல் எவ்வளவு தூரம் போக வேண்டுமோ அவ்வளவு தூரம் போகும். முறைப்பெயராக இருந்தால் ஏ வரும் என்றும் அங்கேயே இருக்கிறது. மகன், மகனே. நாங்கள் இங்கே ஆணுக்கும் சில நேரம் பெண்ணுக்கும் சேர்த்து "மனே" என்று கூப்பிடுகிறோமே, அந்த மனே நேராக அங்கிருந்துதான் நடந்து வருகிறது. ஒரு பெயர் நல்ல பெயரா என்று பார்க்க எண்கணிதமும் வேண்டாம், பொருளகராதியும் வேண்டாம். ஆறு மணிக்கு, பொழுது பட்ட பிறகு, கடப்படியில் நின்று அதைக் கூப்பிட ஏலுமா? எனக்கு அது போதும்.

என் பெயர் அந்தச் சோதனையில் பிறந்த அன்றே தோற்றது. டிலுக்சா என்று இதுவரை ஒருவரும் என்னைக் கூப்பிட்டதில்லை. அம்மாவுக்கு நான் மனே. கூட்டாளிமாருக்கு டிலு. மனைவிக்கு இஞ்சேருங்க. கட்டார்க் கம்பனியில் கடவுச்சீட்டில் முதலில் இருக்கிற பெயரைப் பிடித்துக்கொண்டு "மிஸ்டர் தங்கராசா" என்றார்கள். தங்கராசா என் அப்பா. அவர் செத்து அப்போது ஒரு வருசம்கூட ஆகவில்லை. முதல் கிழமை முழுக்க அந்தப் பெயரைக் கேட்டுத் திடுக்கிட்டுத் திரும்பினேன். பிறகு பழகிவிட்டது. நான்கு வருசம் அப்பாவின் பெயரில் சம்பளம் எடுத்தேன்.

பிள்ளைக்கு வைக்க மாமனாரின் மனதிலும் ஒரு பெயர் இருந்தது. சித்திரவேல். மண்டூர்க்காரரிடம் முருகனைத் தவிர வேறு யாரை எதிர்பார்க்க முடியும்? மண்டூர்க் கோயிலுக்குச் சின்னக் கதிர்காமம் என்றே பெயர். வெருகலில் தொடங்கிச் சித்தாண்டி, மண்டூர், திருக்கோவில், உகந்தை என்று கரையோரம் முழுக்க முருகன்தான். எங்கள் ஊர்ப் பழைய பெயர்களைக் கேட்டால் ஆள் எந்தக் கோயிலுக்கு நேர்ந்து பிறந்தவர் என்று சொல்லிவிடலாம். மாமாங்கராசா என்றால் அமிர்தகழி மாமாங்கேஸ்வரர். கதிர்காமத்தம்பி என்றால் தாயோ தகப்பனோ காட்டுவழி நடந்திருக்கிறார்கள். 1892இல் காரைதீவில் பிறந்த பிள்ளையும் மயில்வாகனம்தான். 1924இல் துறவறம் ஏற்று விபுலாநந்தர் ஆனார். அவர் பெயரையே பாதிப் பேர் ந போட்டும் மீதிப் பேர் ன போட்டும் எழுதுகிறார்கள் என்பது எனக்கு ஒரு தனி ஆறுதல். சித்திரவேல் அழகான பெயர். எனக்கு மறுப்பே இல்லை. மனைவிதான் ஒரே சொல்லில் முடித்தாள்: "வேணாம் அப்பா."

இதற்கிடையில் பிள்ளைக்கு ஒரு பெயர் விழுந்துவிட்டிருந்தது. யாரும் வைக்கவில்லை. பெத்தா முதல் நாளிலிருந்து அவனைத் தூக்கும்போதெல்லாம் "கண்ணா, கண்ணா" என்றார். மனைவியும் பால் கொடுக்கும்போது கண்ணா என்றாள். மாமி என்றார். நானும் என்றிருக்கிறேன். எல்லா வீட்டிலும் எல்லாப் பிள்ளைகளையும் அப்படித்தான் கூப்பிடுகிறோம், அதைப் பெயராக நினைப்பதில்லை. இருபத்தொராம் நாளோ இருபத்திரண்டாம் நாளோ, மத்தியானம், மாமனார் ஐயர் சொன்ன அந்தத் துண்டை மறுபடியும் எடுத்து வைத்துக்கொண்டு குந்தியிருந்தார். உள்ளே பெத்தா கண்ணா என்றார். மாமனார் ண-வுக்கு முன்னால் க-வும் ண் என்ற புள்ளியெழுத்தும் பின்னால் ன்-னும் எழுதினார். எழுதிவிட்டு என்னிடம் நீட்டினார்.

"முதலில வரத்தான் சட்டமில்ல. நடுவில வரலாம்தானே? ஒண்டுக்கு ரெண்டு ண இரிக்கி."

கண்ணன். மாமனாரை நான் அதுவரை இவ்வளவு மரியாதையாகப் பார்த்ததில்லை.

சங்க காலத்துப் புலவர் பட்டியலை எடுத்தால் கண்ணனார் என்று முடியும் பெயர்கள் வந்துகொண்டே இருக்கும். பட்டினப்பாலை பாடியவர் கடியலூர் உருத்திரங்கண்ணனார். கிருஷ்ண என்ற சொல் பிராகிருதத்தில் கண்ஹ ஆகித் தமிழுக்குள் வந்து கண்ணன் ஆனது என்பார்கள். எப்படி வந்திருந்தாலும் வந்து சேர்ந்த இடத்தில் கண் என்ற சொல்லோடு ஒட்டிக்கொண்டு, இனிப் பிரிக்க முடியாதபடி ஆகிவிட்டது. எங்கள் பக்கத்தில் கண்ணனை நான் கோயிலில் கண்டதைவிடக் களரியில் கண்டதுதான் கூட. வடமோடிக் கூத்தில் பாதி பாரதக் கதை. பாண்டிருப்பில் திரௌபதை அம்மன் சடங்கு பதினெட்டு நாளும் பாரதம்தான், கடைசியில் தீமிதிப்பு. சின்ன வயதில் அம்மா கூட்டிக்கொண்டு போயிருக்கிறா.

மனைவிக்கு இன்னும் முழுச் சம்மதம் இல்லை. அவளுடைய வாதம் நியாயமானது. "ஊரில எத்தின கண்ணன்! எண்ணிப் பாருங்க." எண்ணினோம். சைக்கிள் கடைக் கண்ணன், கரண்ட் கண்ணன், ஐஸ்பழக் கண்ணன், நெட்டைக் கண்ணன், வட்டவிதானையாரின் மகன் கண்ணன். பெயர் பொதுவாக இருந்தால் ஊர் தன் செலவில் ஓர் அடைமொழி தரும், அது இலவசம் என்றேன். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எண்ணி முடிக்கும்போதுதான் ஒன்று தட்டுப்பட்டது. இந்த ஐந்து பேரில் ஒருவருக்குக்கூடக் கடதாசியில் கண்ணன் இல்லை. சைக்கிள் கடைக்காரர் ஞானசேகரம். ஐஸ்பழக்காரர் யோகேந்திரன். மற்றவர்களும் அப்படித்தான். வாய்க்கு வாய் கண்ணன், பத்திரத்தில் பார்த்தால் ஒருவரும் இல்லை.

அம்மாவுக்கு அன்று இரவே போனில் சொன்னேன். அம்மா தம்பிலுவிலில் இருக்கிறா. மறுபக்கத்தில் கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. பிறகு, "அந்தப் பேர் வேணாம் மனே" என்றா. ஏன் என்றேன். "வேணாம்." வைத்துவிட்டா.

ஞாயிற்றுக்கிழமை நேரே போனேன். அம்மா தேங்காய் திருவிக்கொண்டிருந்தா. நான் வந்து இருந்ததும் நிறுத்தவில்லை. திருவிக்கொண்டே சொன்னா.

எனக்கு ஒரு தாய்மாமன் இருக்கிறார். சின்ன மாமா. நாங்கள் மாமா என்போம், அம்மா தம்பி என்பா, ஊரவர் மேசன் என்பார்கள். அவருக்கு ஒரு வீட்டுப்பெயர் இருந்திருக்கிறது, கண்ணன். எனக்கு முப்பத்து மூன்று வயது, அது எனக்குத் தெரியாது. 1990இல் அவருக்குப் பத்தொன்பது. ஒரு சோதனைச் சாவடியில் ஆட்களை இறக்கி வரிசையில் விட்டிருந்தார்கள். அடையாள அட்டையைக் காட்டினார், அதில் இருந்த பெயரில் பிரச்சினை இல்லை, போகச் சொல்லிவிட்டார்கள். பத்தடி போயிருப்பார். வரிசையில் பின்னால் நின்ற கூட்டாளி ஒருவன் "கண்ணன், நில்லுடா, நானும் வாறன்" என்று கூப்பிட்டான். மாமா திரும்பினார். அவர்கள் தேடிக்கொண்டிருந்த பட்டியலில் ஒரு கண்ணன் இருந்தான்.

"அவங்க தேடின கண்ணன் வேற ஆள். ஆனா இவனும் திரும்பினான்தானே" என்றா அம்மா.

பதினொரு நாள். உயிரோடு விட்டார்கள். வலது காது அன்றிலிருந்து கேட்காது. மாமாவுக்குக் காது மந்தம் என்றுதான் எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். அவர் வந்த பிறகு வீட்டில் ஒருவரும் அந்தப் பெயரைக் கூப்பிடவில்லை. கூப்பிட வேண்டாம் என்று யாரும் சொல்லவுமில்லையாம். தானாக நின்றுவிட்டது.

"நீ வயித்தில இரிக்கக்குள்ள உன்ட அப்பாட்டச் சொன்னன். ஒருத்தருக்கும் இல்லாத பேரா வைங்க. ரோட்டில கூப்பிட்டா வேற ஒருத்தனும் திரும்பக்கூடா, வேற ஒருத்தனக் கூப்பிட்டா இவனும் திரும்பக்கூடா. அவர் ரெண்டு நாளா எழுத்த மாத்தி மாத்தி எழுதினார். சாமிப் பேர் ஒண்டும் வேணாம் எண்டன். கடைசியா உன்ட பேரக் கொண்டுவந்தார்."

திருவலையிலிருந்து சிரட்டையை எடுத்து வைத்தா. தேங்காய் முடிந்துவிட்டது.

நான் அந்த வகுப்பு இடாப்பை நினைத்துக்கொண்டிருந்தேன். டிலக்சன், நிலக்சன், விதுர்சன். அவர்கள் வீடுகளில் யார் என்ன சொன்னார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் கேட்டதுமில்லை.

அன்று திரும்பும் வழியில் மோட்டார் சைக்கிளை நிறுத்தி மாமாவுக்குப் போன் எடுத்தேன். இடது காதில் வைத்துத்தான் பேசுவார், அதுவும் கத்த வேண்டும். அக்கரைப்பற்று ரோட்டோரத்தில் நின்று, போகிற வருகிற ஆட்கள் பார்க்க, நான் கத்தினேன். "மாமா, மகனுக்குக் கண்ணன் என்று வைக்கவா?" அவர் கேட்டாரா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டாம் தரமும் கத்தினேன்.

"கேட்டிச்சு, கேட்டிச்சு" என்றார். "வையன். முப்பது வருசத்துக்கு மேலா சும்மாதானே கிடக்கு அந்தப் பேர். நீ எடுத்துக்க."

பிறகு சீமெந்து விலையைப் பற்றிப் பேசினார்.

முப்பத்தொராம் நாள் முடி இறக்கித் துடக்குக் கழித்தோம். அம்மா வந்தா. பிள்ளையை மடியில் வைத்து மனே மனே என்று மட்டும் கூப்பிட்டா. மாமாவும் வந்தார். பெத்தா தன் வழமைப்படி உள்ளேயிருந்து கண்ணா என்று ஒரு சத்தம் வைத்தார், வீடு அதிர்ந்தது. மாமா பந்தியில் சோறு தின்றுகொண்டிருந்தார், நிமிரவில்லை. அவருடைய வலது பக்கம் அது. அம்மாதான் சட்டென்று அவரைத் திரும்பிப் பார்த்தா. அதற்குப் பிறகு பாயசம் வந்தது.

பதிவதற்கு மூன்று மாதம் இருக்கிறது, அவசரமில்லை என்றார்கள். எனக்கு எழுத்து விசயத்தில் யாரையும் நம்பிக்கையில்லை. அடுத்த கிழமையே போனேன். பதிவாளர் வயதானவர், கண்ணாடிக்கு மேலால் பார்ப்பவர். படிவத்தை வாசித்தார். பெயர் என்ற இடத்தில் விரலை வைத்தார்.

"இது வீட்டுப்பேர்தானே தம்பி. பதியிற பேர் என்ன?"

"இதுதான் ஐயா பதியிற பேர்."

"கண்ணனா? வெறும் கண்ணனா? முன்னுக்குப் பின்னுக்கு ஒண்டும் இல்லயா? கண்ணதாசன், கமலக்கண்ணன், ஏதாவது?"

"வெறும் கண்ணன்."

அவர் மறுபடியும் படிவத்தைப் பார்த்தார். தகப்பன் பெயர் என்ற இடத்துக்கு விரலை நகர்த்தினார். டிலுக்சன். என்னைப் பார்த்தார். விளங்கிவிட்டது என்று தலையை ஆட்டினார். "மூன்று சுழி ண ரெண்டு. கடைசியில ரெண்டு சுழி ன். சரியா?" என்று கேட்டு, ஒவ்வோர் எழுத்தாக, அச்சுப்போல எழுதினார். நான் மேசைக்கு மேலால் எட்டிப் பார்த்துக்கொண்டே நின்றேன். மூக்கு நுனி படிவத்தில் முட்டப் பார்த்தது. ஒரு பிழையும் இல்லை.

வீட்டுக்கு வந்து ஆங்கிலத்தில் எழுதிப் பார்த்தேன். கே ஏ என் என் ஏ என். ஐயர் சொன்ன எழுத்தும் அங்கே என், சொல்லாத எழுத்தும் என். அது போனால் போகட்டும். இன்னொன்றுதான் கொஞ்சம் பிந்தித் தலையில் இறங்கியது. எங்கள் வழக்கப்படி தகப்பன் பெயர் முன்னால் நிற்கும். இவன் நாளைக்குக் கடவுச்சீட்டு எடுத்துக் கட்டாருக்கோ கனடாவுக்கோ போனால் அங்கே ஒருவரும் இவனைக் கண்ணன் என்று கூப்பிடப்போவதில்லை. மிஸ்டர் டிலுக்சன் என்பார்கள். எக்ஸ் போட்டா, கே எஸ் எச் போட்டா என்பது அந்தக் கடவுச்சீட்டுக்காரர் கையில் இருக்கிறது. மனைவியிடம் சொன்னேன். அவள் இரவு முழுக்க நினைத்து நினைத்துச் சிரித்தாள்.

இப்போது அவனுக்கு எட்டு மாதம். தவழுகிறான், திண்ணையிலிருந்து ஒருதரம் விழுந்துவிட்டான். கூப்பிட்டால் திரும்புகிறான். அவன் மட்டும்தான் திரும்புகிறான் என்றில்லை. பெத்தா கடப்படியில் நின்று கூப்பிட்டால் தெருவில் போகிற கரண்ட் கண்ணனும் பிரேக் பிடிக்கிறார். "உன்ன இல்ல மனே, நீ போ" என்கிறார் பெத்தா.

மீன்காரர் நேற்றுக் காலையில் வேலிக்கு வெளியே சைக்கிளை நிறுத்தி மணி அடித்தார். இந்த ஊருக்கு மருமகனாக வந்து ஆறு வருசமாகியும் அவர் வாயில் என் பெயர் ஒருநாளும் வந்ததில்லை. தம்பி, மருமகன், அங்கால நிக்கிறவர், இப்படித்தான் சமாளிப்பார். நேற்று, மணி அடித்துவிட்டு, ஒரு தடுமாற்றமும் இல்லாமல் கூப்பிட்டார்.

"கண்ணன்ட அப்பா! நல்ல மணலை இரிக்கி, வாங்க!"

நான் உடனே திரும்பினேன்.